முழு உடல் பரிசோதனைக்கு வந்த வயிற்று வலி

இன்சூரன்ஸ் டெஸ்கில் புதிதாக உட்காரப் போகிற பிள்ளைகளே, ஒவ்வொரு நோய்க்கும் பில்லில் போட வேண்டிய குறியீட்டுப் புத்தகத்தைப் பற்றி நான் உங்களுக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்கள் அதற்கென்று கோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி வந்திருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவள் இல்லை. வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவளை, "உன் கையெழுத்து நல்லா இருக்கு, இந்தக் கிளெய்ம் ஃபாரத்தையும் நீயே எழுது" என்று பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியிலேயே ஓடிவிட்டது. போன மாதம் மாலை போட்டு அனுப்பும்போது நிர்வாக அதிகாரி, "புதுசா வந்தவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க மேடம்" என்றார். நல்ல வார்த்தை எனக்கு அவ்வளவாக வராது. என் வாய் எப்படிப்பட்டது என்று இந்த மருத்துவமனையில் வாட்ச்மேன் முதல் சர்ஜன் வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு விஷயம். சங்கரன்கோவில் பக்கத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். ஒரு தடவை சிவகிரியிலிருந்து ஒரு பெரியவர் மகளின் நச்சரிப்பு தாங்காமல் செக்கப்புக்கு வந்திருந்தார். எல்லாம் பார்த்து முடித்து டாக்டர், "நல்லா இருக்கீங்க, போயிட்டு வாங்க" என்றதும் மனிதர் முகம் தொங்கிவிட்டது. நேராக என் மேசைக்கு வந்தார். "ஏம்மா, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். ஒரு ஊசியாவது போடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதில் எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

இனி கோமதி. நம் ஃபைல் அலமாரியைத் திறந்தால், ஊர்க் கோயில் சாமிகள் பெயரில், பாதிப் பேர் கோமதி, மீதிப் பேர் சங்கரன் என்று நீங்களே சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். இந்தக் கோமதிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வீட்டிலேயே இரண்டு விசைத்தறி. வீட்டுக்காரர் தறி ஓட்டுவார், இவள் நூல் சுற்றிக் கொடுப்பாள். மகன் துபாயில் இருக்கிறான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் ஒரு பாலிசி எடுத்திருந்தான். ஒரு வருஷம் கிளெய்ம் எதுவும் இல்லாமல் முடிந்தால் இலவசமாக ஒரு முழு உடல் பரிசோதனை உண்டு என்று அதில் இருந்தது. அதற்குப் போயே ஆக வேண்டும் என்று தினமும் வீடியோ காலில் வந்து அம்மா உயிரை எடுத்திருக்கிறான்.

அவள் வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டுச் சேலை, தலை நிறையப் பிச்சிப் பூ. ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பைக்கை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நான் ஃபாரத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து, எல்லாரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டேன்.

"என்ன செய்யுது?"

பிள்ளைகளே, இதுதான் நான் செய்த தப்பு. ஒன்றும் செய்யாதவர்கள் வருவதற்குத்தான் செக்கப் என்று பெயர். அப்படி வந்தவளிடம் போய், நோயாளியைக் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டேன். கேள்வியிலேயே பாதிப் பதிலை நானே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கோமதி ஒரு நிமிஷம் முழித்தாள். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மளமளவென்று சொன்னாள்: "வயித்து வலிக்கா. ரெண்டு வருஷமா விட்டு விட்டு வருது. எண்ணெப் பலகாரம் தின்னா கூடிரும். வலது பக்கம் புடிச்சி அப்படியே முதுகு வரைக்கும் இழுக்கும். ஒரு சோடா குடிச்சா கொஞ்சம் தேவலை."

எனக்கு அவள்மேல் பிரியமே வந்துவிட்டது. பாதிப் பேரிடம் ஒரு பதிலை வாங்க நான் பல்லைப் பிடுங்குகிற பாடு பட வேண்டும். இவள் ஒரே மூச்சில் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாளே என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். டாக்டர் அதைப் படித்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "வெறும் கேஸ் டிரபிள்தான்" என்று சொல்லி மாத்திரை எழுதினார். நான் பரிசோதனைக்கு உரிய இசட் வரிசைக் குறியீட்டை முதலில் போட்டு, வயிற்று வலிக்கு உரிய ஆர் வரிசைக் குறியீட்டை இரண்டாவதாகப் போட்டேன். பில் ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸ் ஆனது. இன்றைக்கு உங்களில் யார் அதைத் தணிக்கை செய்தாலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

பத்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அதே கோமதியை இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். குடல்வால் வெடித்துவிட்டது. சர்ஜன் எதற்கும் காத்திருக்கவில்லை. "பேப்பர் வேலையெல்லாம் நீங்க பாருங்க, நான் வயித்தைப் பாக்கேன்" என்று தியேட்டருக்குள் போய்விட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒரு வாரமாவது அவள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார். அவர்கள் கையிலிருந்து பணம் கட்டாமல் கம்பெனியே கட்டுகிற கேஷ்லெஸ் அனுமதிக்கு நான் எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. அனுமதி இல்லை, ஒரு கேள்வி. "பத்து மாதத்துக்கு முந்தைய உங்கள் செக்கப் பில்லில் வயிற்று வலி என்று ஒரு குறியீடு இருக்கிறது. அந்த வலி எப்போது தொடங்கியது? அசல் கேஸ் ஷீட்டை நாளை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும்."

அலமாரியிலிருந்து அந்த ஷீட்டை, அன்றைக்கு நான் எழுதிய அதே ஃபாரத்தை, எடுத்தேன். என் கையெழுத்து, முத்து முத்தாக: ரெண்டு வருஷமா. பாலிசிக்கு அப்போது ஒரு வயதுதான். அப்படியானால் வலி பாலிசிக்கு மூத்தது. இருக்கிற நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார்கள் என்று யார் படித்தாலும் சொல்வார்கள். கிளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

கோமதியின் வீட்டுக்காரர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். மறைக்க மனசு வராமல் விஷயத்தைச் சொன்னேன். "அனுமதி வரலன்னா தறி ரெண்டையும் வித்துருதேன்மா. ராஜபாளையத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். தறி போனால் அந்த வீட்டில் வேறு பிழைப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"ரெண்டு வருஷமாவா வலிச்சிருக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே. தெனமும் பக்கத்துல உக்காந்துதான சாப்பிடுதோம்."

அவர் போன பிறகு பில்லிங் பிரிவில் இருந்தவர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, அந்த மனிதரைப் பார்த்து அவருக்கும் தாங்கவில்லை. "யக்கா, உங்க கையெழுத்து, உங்க ஃபாரம். ரெண்டு வருஷத்த ரெண்டு நாளுன்னு புதுசா ஒண்ணு எழுதி வச்சா யாருக்குத் தெரியப் போவுது? டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தருவாரு. பாவம், நல்ல ஆளுவ" என்றார்.

இதை மறைத்தால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் புது ஃபாரம் ஒன்றை எடுத்தேன். பெயர், வயது, பழைய தேதி எல்லாம் எழுதிவிட்டேன். வலி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நியாயம் அநியாயம் எல்லாம் அப்போது மனதில் ஓடவில்லை. பயம்தான். பயத்தில் சென்னைக்குப் போன் போட்டேன்.

கம்பெனி பக்கம் எங்கள் ஃபைல்களைப் பார்க்கிற ஒரு டாக்டர் அம்மா உண்டு. அந்தக் கம்பெனியில் போனில் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள், ஊழியர் எண்ணைத்தான் சொல்வார்கள். அதனால் எங்கள் டெஸ்கில் அவருக்குப் பெயர் நானூற்றுப் பதினேழு. நாலு வருஷமாக எங்களுக்குள் ஓயாத சண்டை. அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இன்றைக்கு இந்த வேலையில் எனக்குக் குரு யார் என்று கேட்டால், முகம் தெரியாத அந்தக் குரலைத்தான் சொல்வேன்.

ஒரு நாள் கூடுதல் அவகாசம் கேட்டேன். அவர் நேராகவே கேட்டார்.

"மேடம், அந்தத் தாள்ல இருக்கிறதை மாத்தலாமான்னு யோசிச்சிட்டுத்தானே கூப்பிடுறீங்க?"

போனில் பார்க்கவா முடியும், ஆனாலும் அந்தப் புது ஃபாரத்தைக் கையால் மூடினேன்.

"நானும் உங்க மாதிரி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவதான். பழைய தாள்ல கை வைக்காதீங்க. ஒண்ணை மாத்திட்டீங்கன்னா, இனிமே உங்க ஊர்ல இருந்து வர்ற எந்தத் தாளையும் நான் நம்ப மாட்டேன். அப்புறம் உண்மையா கஷ்டப்படுறவங்களுக்கும் நீங்க எழுதுறது செல்லாது. அந்தம்மாவுக்கு உண்மையிலேயே ரெண்டு வருஷமா வலி இருந்துச்சா?"

"ஃபாரத்துல அப்படித்தான் இருக்கு."

"ஃபாரத்தைக் கேக்கலை மேடம். அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் இரண்டு மாடி மேலே படுத்துக் கிடக்கிறாள். நான் ஷீட்டையும் குறியீட்டையும் பாலிசி தேதியையும் பார்த்தேனே தவிர, அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எழுதிய ஃபாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

வார்டில் கோமதி வாடிக் கிடந்தாள். வீட்டுக்காரர் ஸ்டூலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "காலையில இருந்து இவுக எங்கூட பேச மாட்டேங்காகக்கா" என்றாள் அவள். நான் கட்டிலருகே போய், "கோமதி, ரெண்டு வருஷமா உனக்கு வயித்து வலி இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கா?" என்றாள். பிறகு ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அது எனக்கில்லக்கா. அது எங்க மதினிக்கு."

அவளுடைய அண்ணன் மனைவி சுப்புத்தாய். கரிவலம்வந்தநல்லூரில் ஆடு வளர்க்கிறாள். அண்ணன் உயிரோடு இல்லை. ஆட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று இரண்டு வருஷமாக வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல, சும்மா பாக்காங்க. அவ்வளவு பெரிய டாக்டர வீணாக்குவானேன்னு மதினி வலியச் சொல்லி மருந்து வாங்கிட்டுப் போனேன். நீங்கதான என்ன செய்யுதுன்னு கேட்டீங்க? ஒண்ணும் செய்யலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

வீட்டுக்காரர் திரும்பினார். "அப்ப உனக்கு வலியே இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்று திட்டிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தறி கையை விட்டுப் போகப் போகிறது என்ற கவலை அவருக்கு அந்த நேரத்தில் இல்லவே இல்லை. நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

நானூற்றுப் பதினேழுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "கதை நல்லா இருக்கு மேடம். இது மாதிரி தினமும் கேக்குறேன். அந்த மதினி எங்க?" என்றார் அவர்.

மறுநாள் புதன்கிழமை. வீட்டுக்காரர் விடியவும் பைக்கை எடுத்துக்கொண்டு கரிவலம் போனார். பதினொரு மணிக்கு சுப்புத்தாய் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. கோமதிக்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டுக்காரரை வெளியே அனுப்பினேன். இந்தத் தடவை நிதானமாகக் கேட்டேன்: "உங்க உடம்பு நல்லா இருக்கா, இல்ல ஏதும் தொந்தரவு உண்டா?"

"வயித்து வலிதான்மா. எண்ணெப் பலகாரம் தின்னா கூடிரும். வலது பக்கம் புடிச்சி முதுகுக்கு இழுக்கும். ஒரு சோடா குடிச்சா..."

சோடா வரைக்கும் அதே வார்த்தைகள். மஞ்சள் பைக்குள் நம் மருத்துவமனைச் சீட்டு, கோமதி பெயர் போட்டது, மடித்து மடித்து நைந்து போயிருந்தது. காலியான மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். சீட்டைக் காட்டி ஊர் மருந்துக் கடையில் மறுபடி மறுபடி வாங்கித் தின்றிருக்கிறாள். சாட்சி கிடைத்துவிட்டது, தறி பிழைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அந்தச் சந்தோஷத்தில், எழுதிக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இவ்வளவு நாளா வலிக்கே, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கலாம்லா?"

சுப்புத்தாய் என்னைப் பார்த்தாள், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"எனக்குத்தான் போன வருஷமே ஸ்கேன் பாத்தாச்சேம்மா. எல்லாம் நார்மல்னு கோமதி வந்து சொன்னாளே. அதுக்குப் பெறவுதான் எனக்குப் பயமே போச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கோமதியின் வயிற்றில் எடுத்த ஸ்கேனை நம்பி இந்தப் பெண் பத்து மாதம் நிம்மதியாக வலியைத் தின்றுகொண்டிருக்கிறாள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வயிற்று வலியையும் ஒரே ஃபைலில் சேர்த்துத் தைத்தவள் நான். கிளெய்ம், ஐந்து மணி எல்லாம் மறந்துபோனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

சுப்புத்தாய்க்கு உடனே ஸ்கேன் எடுத்தார்கள், பித்தப்பை நிறையக் கல். ஒன்று குழாயை அடைக்கப் போகிற இடத்தில் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லவில்லை. "ஒரு வயித்தப் பாத்துட்டு இன்னொரு வயித்துக்கு மருந்து எழுதியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். அவரே உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார். பழைய ஷீட்டை அப்படியே, ஒரு புள்ளி மாறாமல் அனுப்பினோம். என்ன நடந்தது என்பதை அன்றைய தேதி போட்டுத் தனித்தாளில் எழுதினேன். அதில் என் கேள்வி தப்பு என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோமதியின் பழைய ஸ்கேனும் சுப்புத்தாயின் புது ஸ்கேனும் கூடப் போயின.

நாலரை மணிக்கு அனுமதி வந்தது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது. நானூற்றுப் பதினேழு. கிளெய்ம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த மதினிக்கு ஆபரேஷன் எப்போ மேடம்?" என்று கேட்டார். நாலு வருஷம் அந்தம்மாவை நான் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அன்றைக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சுப்புத்தாய்க்கு அரசுக் காப்பீட்டு அட்டையில் திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. அவள் ஆட்டையெல்லாம் அந்த இரண்டு வாரம் பார்த்துக்கொண்டவர் கோமதியின் வீட்டுக்காரர். தறிக்காரர் ஆடு மேய்த்த லட்சணத்தை, இரண்டு ஆடு வாசுதேவநல்லூர் ரோடு வரைக்கும் போய்விட்ட கதையை, கோமதி அடுத்த மாதம் டாக்டரிடம் காட்ட வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் நம் செக்கப் ஃபாரத்தில் அந்த இரண்டு வரியைச் சேர்த்தேன். "நன்றாக இருக்கிறீர்களா?" என்பது முதல் வரி. தொந்தரவு ஏதாவது சொன்னால், "இது உங்களுக்கா, வீட்டில் வேறு யாருக்காவதா?" என்பது இரண்டாவது. ஆரம்பத்தில் எல்லாரும் கேலி செய்தார்கள். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, நம் ஊரில் எத்தனை பேர் அடுத்தவர் வலியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று. புருஷனின் மூல நோயைப் பெண்டாட்டி சொல்வாள், மாமியார் மூச்சிரைப்பை மருமகள் சொல்வாள். அதை ஏமாற்று வேலை என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். வர முடியாத ஒருவருக்காக அவர்கள் வந்திருக்கிறார்கள். குறியீடு போடுவதற்கு முன் அந்த ஒருவரை வெளியே கொண்டுவருவது உங்கள் வேலை.

கடைசியாக ஒன்று. ஓய்வு பெற்றவர்களுக்கு நிர்வாகம் ஒரு செக்கப் கொடுக்கிறதே, அதற்குப் போன வாரம் வந்திருந்தேன். உங்களில் ஒருத்திதான் டெஸ்கில் இருந்தாள், புதுப் பெண். நன்றாக இருக்கிறீர்களா மேடம் என்று கேட்டாள். என் வாய் தானாகச் சொன்னது: "இருக்கேன்மா. இந்த வலது முட்டிதான் மூணு மாசமா மடக்க முடியல. மாடி ஏறும்போது நெஞ்சையும் லேசா அடைக்கு."

அவள் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வாசல் படியை மடமடவென்று ஏறி வந்ததைப் பார்த்திருந்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"இது உங்களுக்கா மேடம், சாருக்கா?"

வியாழக்கிழமை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வர மாட்டேன் என்றுதான் சொல்வார். இழுத்துக்கொண்டாவது வருகிறேன்.